முதுகுத் தசையோட டெண்டன் ஒட்டியிருந்துச்சாம்: அது அப்பாவோட பிறவிக் குறையா, டாக்டரோட தப்பா?

முதல்ல கடிதத்தோட சுருக்கம். தென்மாவட்டத்துல இருந்து ஒரு பொண்ணு எழுதியிருக்காங்க, பேர், ஊர், ஆஸ்பத்திரி எல்லாத்தையும் எடுத்துட்டேன். அப்பாவுக்கு 58 வயசு, பெயிண்டிங் காண்ட்ராக்ட், ஆளுங்களோட சேந்து தானும் பிரஷ் பிடிக்கிறவர். போன வருஷம் சாரத்துல பலகை நழுவினப்ப கீழ விழாம இருக்க வலது கையால சவுக்குக் கம்பைப் பிடிச்சுத் தொங்கியிருக்கார், தோள்ல சடக்குன்னு ஒரு சத்தம் கேட்டிருக்கு. எக்ஸ்ரேல எலும்பு உடையலன்னதும் ஏழெட்டு மாசம் எண்ணெய்க்கட்டுலயே போயிருச்சு. கை தலைக்கு மேல போகல, ராத்திரி வலியில தூக்கம் இல்ல. அப்புறம் எம்ஆர்ஐ எடுத்தா ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சுத்திப் பிடிச்சிருக்குற தசைநார்கள்) பெருசா கிழிஞ்சு உள்ளுக்குள்ள சுருங்கிக் கிடக்கு, இனிமே தைக்க முடியாதுன்னு சொல்லி, முதுகுல இருக்குற லட்டிசிமஸ் டார்சை தசையோட டெண்டனை (தசையை எலும்போட சேக்குற நார்ப்பட்டை) எடுத்து தோள் உச்சியில மாத்தி வைக்கிற ஆபரேஷன் பண்ணியிருக்காங்க.

ரெண்டு மணி நேரம்னு சொன்னது நாலு மணி நேரம் ஆகியிருக்கு. வெளிய வந்த டாக்டர் "ரெண்டு தசையோட டெண்டனும் ஒட்டியிருந்துச்சு, அதான் லேட்"னு சொல்லிட்டுப் போயிட்டார், டிஸ்சார்ஜ் சம்மரியில 'அனாமலி' (வழக்கத்துக்கு மாறான அமைப்பு)ன்னு ஒரு வார்த்தை. இப்ப ஏழு வாரம் ஆச்சு, கை நெஞ்சு உயரத்துக்கு மேல வரல. மருந்துக்கடை வச்சிருக்குற மாமா "தப்பான தசையை வெட்டிட்டுக் கதை சொல்றாங்க, பிசியோவை நிறுத்து, கேஸ் போடு"ங்கறார். அம்மாவுக்கு இது பரம்பரையா வந்த குறையா இருக்குமோ, கபடி ஆடுற தம்பிக்கும் இருக்குமோன்னு பயம். ஸ்கேன்லயே தெரிஞ்சிருக்கணுமேங்கறது இவங்க கேள்வி. கடைசி வரியில, போற போக்குல, "அப்பா கட்டைவிரல் பக்கம் புறங்கை மரத்த மாதிரி இருக்குன்னு சொல்றார்"னு எழுதியிருக்காங்க.

அம்மா, நீங்க கடைசியா எழுதினதுல இருந்துதான் நான் ஆரம்பிக்கணும், ஏன்னா உங்க கடிதத்துலயே நாள் கடத்தக்கூடாத விஷயம் அது ஒண்ணுதான்.

முதல்ல அந்த மரத்துப்போனதைப் பாருங்க

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல புறங்கைப் பக்கம் இருக்குற தோலுக்கு உணர்ச்சி குடுக்குறது ரேடியல் நரம்பு. இந்த நரம்பு அக்குளுக்குள்ள, இப்ப அப்பாவுக்கு எடுத்த அதே டெண்டனுக்கு முன்னாடி உரசுற மாதிரி வந்து, டெரிஸ் மேஜர்னு பக்கத்துல இருக்குற தசையோட கீழ் ஓரத்தைத் தாண்டி கை எலும்புக்குப் பின்பக்கம் போகும். டெண்டன் எலும்புல ஒட்டுற இடத்துக்கும் நரம்புக்கும் நடுவுல ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் இடைவெளி, அதுவும் கையை எப்படித் திருப்பி வச்சிருக்காங்கங்கறதைப் பொறுத்து கூடும், குறையும். அதனால இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் புறங்கை மரத்துப் போச்சுன்னு யாராவது சொன்னா, சரியாயிடும்னு விட்டுடக்கூடாது.

வீட்லயே பாக்க முடியும். அப்பாவை உக்கார வச்சு, முன்கையை மேஜை மேல வச்சு மணிக்கட்டு மேஜை ஓரத்துக்கு வெளிய வர்ற மாதிரி, உள்ளங்கை கீழ பாக்க வைங்க. இப்ப மணிக்கட்டை மேல தூக்கச் சொல்லுங்க. அப்புறம் விரல்களை அடிக்கணுவுல இருந்து நேரா நீட்டச் சொல்லுங்க, கட்டைவிரலை மட்டும் 'சூப்பர்' காட்டுற மாதிரி மேல தூக்கச் சொல்லுங்க. இது மூணும் நல்லா, இடது கை அளவு பலத்தோட வந்துச்சுன்னா பெரிய நரம்புக்கு அடி இல்லன்னு ஓரளவு நிம்மதியா இருக்கலாம். அப்படின்னா மரத்துப்போனது முன்கையில கீழ வர்ற தோல் கிளை மட்டும் அமுங்கினதால இருக்கலாம். ஆறு வாரம் போட்டிருந்த பிரேஸோட மணிக்கட்டு ஸ்ட்ராப் இறுக்கமா இருந்தாக்கூட இது வரும், அந்த இடத்துல தோல்ல தடம் இருக்கான்னு பாருங்க. மணிக்கட்டு தொங்குது, தூக்க முடியலன்னா, அடுத்த ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காம நாளைக்கே ஆபரேஷன் பண்ணின டாக்டரைப் பாருங்க.

இன்னொரு நரம்பையும் சேத்துப் பாத்துடுங்க. தோளுக்கு வெளிப்பக்கம், சட்டைக் கை தையல் வர்ற இடத்துக்குக் கொஞ்சம் கீழ, தொட்டா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியுதான்னு கேளுங்க. அது ஆக்சிலரி நரம்போட இடம், இது டெரிஸ் மேஜரோட மேல் ஓரத்தை ஒட்டிப் போறது. இந்த நரம்பு கெட்டா தோளை மூடியிருக்குற டெல்டாய்ட் தசை வேலை செய்யாது, டெல்டாய்ட் வேலை செய்யலன்னா எவ்வளவு நல்லா டெண்டன் மாத்தி வச்சாலும் கை ஏறாது.

சந்தேகம் இருந்தா நெர்வ் கண்டக்‌ஷனும் ஈஎம்ஜியும் (நரம்பும் தசையும் வேலை செய்யுதான்னு பாக்குற டெஸ்ட்) எடுப்பாங்க. அடிபட்டு மூணு நாலு வாரம் கழிச்சு எடுத்தாத்தான் ஈஎம்ஜி சரியாச் சொல்லும், அப்பாவுக்கு ஏழு வாரம் ஆயிட்டதால இப்ப எடுத்தா பிரயோஜனம் உண்டு. பெரும்பாலும் இந்த மாதிரி வர்றது இழுபட்டதால வர்ற தற்காலிகப் பாதிப்புதான், சில வாரத்துல இருந்து மூணு மாசத்துக்குள்ள திரும்பிடும். நரம்பு இழையே அறுந்திருந்தா அது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குலதான் வளரும். மூணு மாசம் ஆகியும் ஒரு அசைவும் திரும்பலன்னா நரம்பு ஆபரேஷன் பண்றவங்ககிட்ட காட்டணும், தள்ளிப்போட்டு ஆறு மாசம் தாண்டிட்டா தசை திரும்புற வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகும். அதனாலதான் இதை முதல்ல எழுதினேன்.

குறையும் இல்ல, நோயும் இல்ல

இப்ப அந்த 'அனாமலி'க்கு வரேன். ஜிம்முக்குப் போற பசங்க 'விங்ஸ்'னு சொல்றாங்களே, அந்தத் தசைதான் லட்டிசிமஸ் டார்சை. முதுகோட கீழ்ப்பாதி பூரா, முள்ளெலும்புல இருந்து இடுப்பெலும்பு வரைக்கும், கீழ் விலா எலும்புகள்ல இருந்தும் கிளம்புது, சில பேருக்குத் தோள்பட்டை எலும்போட கீழ் முனையில இருந்தும் ஒரு துண்டு வந்து சேரும். இவ்வளவு அகலமாக் கிளம்பினது அக்குள் கிட்ட வரும்போது குறுகி, ஒரு முறுக்கு முறுக்கிக்கிட்டு, சுமார் 7 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு தட்டையான டெண்டனா மாறி கை எலும்போட முன்பக்கத்துப் பள்ளத்துல போய் ஒட்டுது. அந்த முறுக்குல இடுப்புப் பக்கத்துல இருந்து வந்த நார்கள் எலும்புல மேல ஒட்டும், முதுகோட மேல் பகுதியில இருந்து வந்தது கீழ ஒட்டும். டெரிஸ் மேஜர் சின்னத் தசை, தோள்பட்டை எலும்போட கீழ் முனையில கிளம்பி இதுக்கு நேர் பின்னாடியே வந்து பக்கத்துலயே ஒட்டுது.

இதை உங்க உடம்புலயே நீங்க பாக்கலாம். ஒரு கையை இடுப்புல வச்சு நல்லா அமுக்கிக்கிட்டு, மறு கையால அக்குளுக்குப் பின்னாடி இருக்குற தடிச்ச மடிப்பைப் பிடிச்சுப் பாருங்க. உங்க விரலுக்குள்ள வர்றது இந்த ரெண்டு தசையும் சேந்ததுதான். வெளிய இருந்து பிடிச்சா ரெண்டுன்னே தெரியாது, அவ்வளவு நெருக்கம்.

அனாட்டமி புக்ல படம் போடும்போது ரெண்டு டெண்டனையும் தனித்தனியா, நடுவுல ஒரு சின்ன நீர்ப்பையோட அழகா வரைஞ்சிருப்பாங்க. ஆனா அதே புக்லயே கீழ் ஓரத்துல கொஞ்ச தூரத்துக்கு ரெண்டும் சேந்திருக்கும்னு எழுதியிருக்கும், அதாவது கொஞ்சம் ஒட்டியிருக்கறதுதான் நார்மல். எவ்வளவு ஒட்டியிருக்குங்கறதுலதான் ஆளுக்கு ஆள் மாறுது. சில பேருக்கு விரலை விட்டாலே பிரிஞ்சிடும், சில பேருக்கு லேசான நார் நாராப் பிடிச்சிருக்கும், அதை மெதுவா விலக்கி எடுத்துடலாம். இன்னும் சில பேருக்கு எலும்புல ஒட்டுற இடம் வரைக்கும் ஒரே பட்டையா இருக்கும், எங்க முதல் டெண்டன் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்குதுன்னு கத்தி பிடிச்சவருக்கே தேடித்தான் தெரியும். ரெட்டை வாழைப்பழம் பாத்திருப்பீங்க, ஒண்ணு லேசா உரிச்சா ரெண்டாப் பிரியும், இன்னொண்ணு சதையோட சேந்தே இருக்கும், ரெண்டுமே நல்ல பழம்தான். அப்பா 58 வருஷம் இந்த டெண்டனோடதான் சாரம் ஏறி இறங்கியிருக்கார், ஒரு நாளும் அது அவருக்குத் தொந்தரவு குடுக்கல. ஆபரேஷன்னு வந்து ஒண்ணை மட்டும் தனியா எடுக்கணும்னு வரும்போதுதான் அது ஒரு விஷயமே ஆகுது.

இந்தத் தசையில வித்தியாசம் இது ஒண்ணு மட்டும் இல்ல. அக்குளுக்குக் குறுக்க லட்டிசிமஸ்ல இருந்து நெஞ்சுப் பக்கம் ஒரு தசைப்பட்டை போறது சில பேருக்கு இருக்கும், 1846ல அதை விவரமா எழுதின லாங்கர் பேராலதான் இன்னைக்கும் சொல்றோம், நூத்துல ஏழு பேர்னு ஒரு கணக்கு பொதுவாச் சொல்வாங்க, நாட்டுக்கு நாடு மாறும். மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள்ல நெறிக்கட்டி எடுக்கும்போது இந்தப் பட்டை குறுக்க வந்து கட்டியை மறைச்சிடும், அதனால கேன்சர் சர்ஜன்களுக்கு இது ரொம்ப நல்லாத் தெரிஞ்ச விஷயம். அப்புறம் லட்டிசிமஸ் டெண்டன்ல இருந்து கையோட பின்பக்கத்து ட்ரைசெப்ஸ் தசைக்கு ஒரு நார் போறதும் உண்டு, டெண்டனை எலும்புல இருந்து எடுத்த பிறகும் இழுத்தா வரலன்னா அந்த நாரைத் தேடி விடுவிக்கணும். இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, சம்மரியில 'அனாமலி'ன்னு எழுதினது ஒரு பழக்கத்துல எழுதினது. 'வேரியேஷன்'னு எழுதியிருந்தா உங்க வீட்ல இத்தனை நாள் இந்த அழுகை இருந்திருக்காது. எழுதுற எங்களுக்கு அந்த ஜாக்கிரதை வேணும்.

தம்பி விஷயத்துல, அவருக்கும் இப்படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் கபடிக்கோ வேற எதுக்கோ ஒரு பாதிப்பும் கிடையாது. அதுக்காக ஸ்கேன் எடுக்க வேண்டாம்.

ஸ்கேன்ல ஏன் முன்னாடியே தெரியல

இது நியாயமான கேள்வி. தோளுக்கு எடுக்குற வழக்கமான எம்ஆர்ஐ ரொட்டேட்டர் கஃப், மூட்டு, பைசெப்ஸ் இதையெல்லாம் பாக்கறதுக்காக அளவு வச்சு எடுக்கறது. லட்டிசிமஸ் டெண்டன் ஒட்டுற இடம் அதுக்குக் கீழ இருக்கு, பல சமயம் படத்தோட ஓரத்துல பாதி வந்திருக்கும், இல்லன்னா வந்தே இருக்காது. வந்திருந்தாலும், ரெண்டு கறுப்புப் பட்டை பக்கத்துப் பக்கத்துல ஒட்டிக்கிட்டுத் தெரியும், அது சும்மா தொட்டுக்கிட்டு இருக்கா, ஒண்ணாவே கலந்திருக்கான்னு நம்பிச் சொல்ற அளவுக்கு அந்தப் படம் இருக்காது. அதனால இந்த ஆபரேஷன் பண்றவங்க ஒட்டியிருக்கலாம்னு எதிர்பாத்துத்தான் உள்ள போகணும், ஸ்கேன்ல சொல்லலங்கறதால மட்டும் யாரும் கவனக்குறைவா இருந்தாங்கன்னு சொல்ல முடியாது. ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி "டெண்டன் ஒட்டியிருந்தா இப்படி இப்படிப் பண்ணுவோம், நேரம் கூட ஆகலாம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் குறை உங்களுக்கு இருந்தா அது சரியான குறைதான்.

மாமா சொன்னது

மாமா அக்கறையிலதான் சொல்றார், ஆனா ரெண்டு விஷயத்தைச் சேத்துக் குழப்பிக்கிட்டார். முதல்ல, 'முதுகுத் தசையை வெட்டி எடுத்தாங்க'ங்கறதே சரியில்ல. தசை முதுகுலயேதான் இருக்கு, ரத்தமும் நரம்பும் அதோட பழைய இடத்துல இருந்துதான் வருது. டெண்டன் எலும்புல ஒட்டியிருந்த முனையை மட்டும் விடுவிச்சு, டெல்டாய்டுக்கு அடியில கொண்டுபோய், கஃப் ஒட்டியிருந்த எலும்பு மேட்டுல தச்சு வைக்கிறாங்க. கையை உள்ள திருப்பி கீழ இழுக்கற தசைக்கு, வெளிய திருப்பி மேல தூக்க உதவற வேலையைக் குடுக்கறோம். குழந்தைக்குப் பிரசவத்துல கை நரம்பு அடிபட்ட கேஸ்கள்ல லெபிஸ்கோப்போ 1930கள்லயே இந்த மாதிரி டெண்டன் மாத்தியிருக்கார். பெரியவங்களுக்கு, தைக்க முடியாத கஃப் கிழிசலுக்கு இதைச் செஞ்சு 1988ல எழுதினவர் ஸ்விட்சர்லாந்தைச் சேந்த கெர்பர். அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1906லயே இத்தாலியில டான்சினி மார்பு ஆபரேஷனுக்கு அப்புறம் இடத்தை மூட இதே தசையைத் தோலோட சேத்துப் பயன்படுத்தியிருக்கார். இந்தத் தசையை இப்படி இடம் மாத்தினாலும் தினசரி வாழ்க்கைக்குப் பெரிசாக் குறை வராதுங்கறது பல காலமாப் பாத்துத் தெரிஞ்சது.

ரெண்டாவது, ஒட்டியிருந்தா சர்ஜன் முன்னாடி இருக்குற வழி என்னன்னு பாருங்க. கத்தியால அளந்து அளந்து பிரிச்சு லட்டிசிமஸை மட்டும் எடுக்கலாம். இதுல நேரம் ஆகும், ரேடியல் நரம்பு முன்னாடியே இருக்கு, பிரிக்கும்போது டெண்டன் கொஞ்சம் மெலிஞ்சு போகலாம், அப்ப கூடுதல் தையலோ தொடையில இருந்து ஒரு பட்டையோ வச்சு பலப்படுத்துவாங்க. இல்லன்னா ரெண்டையும் சேத்தே மாத்தி வைக்கலாம், பிரசவ நரம்புக் கேஸ் குழந்தைங்களுக்கு இப்படியும் பண்றதுண்டு. ஆனா பெரியவங்களுக்கு ரெண்டும் சேந்தா கொழுத்த கட்டாப் போகும், டெரிஸ் மேஜர் குட்டைத் தசை, லட்டிசிமஸ் அளவு இழுபட்டு வராது, ஆக்சிலரி நரம்பும் அந்த இடுக்குல அமுங்கலாம், அதோட கையைக் கீழ இழுக்க மிச்சமிருந்த தசையும் போயிரும். அதனால நான் படிச்சதுலயும் பாத்ததுலயும் பொறுமையாப் பிரிச்சு எடுக்கறதைத்தான் விரும்புவேன். உங்க டாக்டர் நாலு மணி நேரம் எடுத்துக்கிட்டது பிரிச்சதாலதான்னா அது அவர் அவசரப்படலங்கறதுக்கு அடையாளம், தப்புக்கு அடையாளம் ஆகாது.

ஆனா பிரிச்சாரா, சேத்து எடுத்தாரான்னு நீங்க அனுப்பின சம்மரியில இல்ல. அது தெரியணும், பிசியோ எப்படிப் பண்ணணுங்கறதே அதைப் பொறுத்து கொஞ்சம் மாறும்.

ஏழு வாரத்துல கை ஏறலன்னா

இவ்வளவு சீக்கிரம் ஏறாதும்மா. ஏழு வாரத்துல நெஞ்சு உயரம் வந்திருக்குன்னா அது மோசமே இல்ல. முதல் ஆறு வாரம் பிரேஸ்ல கையை விலக்கி வச்சிருந்தது தச்ச இடம் எலும்போட ஒட்டறதுக்காக. ஆறுல இருந்து பன்னெண்டு வாரம் வரைக்கும் உதவியோட அசைக்கற காலம், பலம் ஏத்தற பயிற்சி மூணு மாசத்துக்கு அப்புறம்தான், முன்னேற்றம் ஒரு வருஷம் வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும். ஏன் இவ்வளவு நாள்னா, மூளைக்கு இது புதுசு. கையைக் கீழ இழுக்கணும்னு நினைச்சா சுருங்கற தசை, இப்ப மேல தூக்கும்போது சுருங்கணும். அதுக்குத்தான் பிசியோதெரபிஸ்ட் "முழங்கையை உடம்போட அமுக்கற மாதிரி நினைச்சுக்கிட்டே கையைத் தூக்குங்க"ன்னு விசித்திரமா ஏதாவது சொல்லுவாங்க. அப்பா அதைச் செய்யும்போது நீங்க பின்னாடி நின்னு அக்குளுக்குக் கீழ முதுகுல கை வச்சுப் பாருங்க, தசை இறுகுறது தெரிஞ்சா அது புது வேலையைக் கத்துக்குதுன்னு தெம்பா இருக்கலாம்.

அதனால பிசியோவை நிறுத்தறது மட்டும் வேண்டவே வேண்டாம். கேஸ் போடறதா இருந்தாலும் சரி, போடலன்னாலும் சரி, பிசியோ நடக்கணும், இப்ப விட்ட மாசங்களை அப்புறம் பிடிக்க முடியாது. இப்போதைக்கு முதுகுக்குப் பின்னாடி கையைக் கொண்டுபோறது, அந்தக் கையை ஊனி எந்திரிக்கறது, வாளி தூக்கறது, கதவை வேகமா இழுக்கறது வேண்டாம், புதுசா ஒட்டின இடம் பிச்சுக்கும். திடீர்னு ஒரு 'டப்' சத்தம், இருந்த அசைவும் போயிருச்சு, தையல் இடம் சிவந்து காய்ச்சல், நீர் வடியுது, இதுல எது வந்தாலும் உடனே போங்க.

எண்ணெய்க்கட்டுல போன எட்டு மாசத்தை நினைச்சு நீங்க வருத்தப்பட்டிருக்கீங்க. கிழிஞ்ச கஃப் தசை நாளாக நாளாக உள்ள சுருங்கும், தசைக்குள்ள கொழுப்பு படியும், அது ஆன பிறகு தச்சாலும் நிக்காது, அது உண்மை. ஆனா எக்ஸ்ரே நார்மல்னு கையில குடுத்து அனுப்பினா எந்தக் குடும்பமும் சரியாயிடும்னுதான் நினைக்கும். எக்ஸ்ரேல டெண்டன் தெரியாதுன்னு அன்னைக்கே யாராவது சொல்லியிருக்கணும். இந்தப் பழியை நீங்க சுமக்காதீங்க.

இந்த ஆபரேஷனே தேவையா இருந்துச்சான்னும் ஒருத்தர் கேட்டதா எழுதியிருந்தீங்க. ரிவர்ஸ் ஷோல்டர்னு ஒரு செயற்கை மூட்டு இருக்கு, 1985ல இருந்து பிரான்ஸ்ல கிராமோண்ட் கொண்டுவந்த வழி, எழுபதை ஒட்டின வயசுக்காரங்களுக்கு அருமையா வேலை செய்யும். 58 வயசுல, கையால உழைக்கறவருக்கு, மூட்டுத் தேய்மானம் இல்லாதப்ப அதை முதல்லயே போட பல பேர் யோசிப்போம், தேஞ்சு போனா திரும்ப மாத்தறது கஷ்டம். லட்டிசிமஸ் மாத்தறதுக்கு டெல்டாய்ட் நல்லா இருக்கணும், முன்பக்கம் இருக்குற சப்ஸ்காப்புலாரிஸ் தசை கிழியாம இருக்கணும், அது ரெண்டும் நல்லா இருக்குன்னு நீங்க அனுப்பின எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல இருக்கு. தேர்ந்தெடுத்தது சரியான ஆபரேஷன்தான்னு எனக்குப் படுது.

ரெக்கார்டு, கன்சென்ட், கேஸ்

நான் வக்கீல் இல்ல, ஆனா நோயாளியோட உரிமை டாக்டருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டியது. மெடிக்கல் கவுன்சிலோட 2002 விதிப்படி, நோயாளியோ அவர் அனுப்பின ஆளோ எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்டு காப்பி குடுக்கணும். சண்டை போட வேண்டாம், அப்பா கையெழுத்தோட ஒரு லெட்டர் குடுத்து அக்னாலெட்ஜ்மென்ட் வாங்கிக்கோங்க. கேக்க வேண்டியது ஆபரேஷன் நோட்ஸ், கன்சென்ட் ஃபார்ம், அனஸ்தீசியா சார்ட், எம்ஆர்ஐ சிடி. ஆபரேஷன் நோட்ஸ்ல எப்படிப் பிரிச்சாங்க, ரேடியல் நரம்பையும் ஆக்சிலரி நரம்பையும் பாத்து ஒதுக்கி வச்சாங்களா, டெண்டனை எதால பலப்படுத்தினாங்கன்னு இருக்கும்.

கன்சென்ட் ஃபார்ம்ல லட்டிசிமஸ் மட்டும் போட்டிருந்து, உள்ள டெரிஸ் மேஜரையும் சேத்து எடுத்திருந்தா, அதைப் பத்திக் கேக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உயிருக்கு ஆபத்து இல்லாதப்ப சம்மதம் வாங்கினதைத் தாண்டிப் போய் வேற ஆபரேஷன் பண்ணக்கூடாதுன்னு சமீரா கோலி வழக்குல 2008லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஒட்டினதைப் பிரிச்சு லட்டிசிமஸை மட்டும் எடுத்திருந்தா அது சம்மதம் குடுத்த அதே ஆபரேஷன்தான். உடம்பு அமைப்பு வித்தியாசமா இருந்ததும், அதனால நேரம் ஆனதும் தனியா ஒரு கவனக்குறைவு ஆகாது. நரம்புல நிஜமாவே பாதிப்பு இருந்து, அதை நீங்க சொல்லியும் கண்டுக்காம விட்டாங்கன்னா அது வேற விஷயம், அப்ப ஒரு வக்கீலைப் பாருங்க. கன்ஸ்யூமர் கமிஷன்ல புகார் குடுக்க ரெண்டு வருஷம் டைம் இருக்கு, அதனால இந்த வாரமே முடிவெடுக்கணும்ங்கற நெருக்கடி இல்ல.

அதுக்கு முன்னாடி ஒரு தடவை டாக்டரை நேர்ல, ஓபி கூட்டத்துல இல்லாம, டைம் வாங்கிக்கிட்டுப் பாருங்க. மாமாவையும் கூட்டிட்டுப் போங்க, அவரே கேக்கட்டும். "டெண்டனைப் பிரிச்சீங்களா, சேத்து எடுத்தீங்களா? நரம்பு எவ்வளவு கிட்ட இருந்துச்சு? இந்த மரமரப்புக்கு என்ன காரணம்னு நினைக்கறீங்க? பிசியோவுல எதைத் தவிர்க்கணும்?" இவ்வளவு போதும். பதில் திருப்தியா இல்லன்னா ஆபரேஷன் நோட்ஸோட வேற ஒரு தோள்பட்டை ஸ்பெஷலிஸ்ட்கிட்ட செகண்ட் ஒபீனியன் வாங்குங்க, அரசு மெடிக்கல் காலேஜ் எலும்பு டிபார்ட்மென்ட்லயும் பாக்கலாம்.

அப்பா திரும்ப வேலைக்குப் போவாரா

இதை நீங்க நேரடியாக் கேக்கல, ஆனா வீட்டு வருமானம் அவரோடதுன்னு எழுதியிருக்கீங்க, அதனால உள்ளதைச் சொல்லிடறேன். இந்த ஆபரேஷன்ல வலி குறையறது, ராத்திரி தூக்கம் வர்றது, தலை சீவறது, சாப்பாட்டுத் தட்டுல இருந்து வாய்க்குக் கை கொண்டுபோறது, கையை வெளிய திருப்பறது இதெல்லாம் நல்லா வரும்னு எதிர்பாக்கலாம். நாள் பூரா தலைக்கு மேல கை தூக்கி சீலிங் அடிக்கற பலம் பெரும்பாலும் திரும்ப வராது. அவருக்கு இது தெரியாம, பிசியோ முடிஞ்சதும் பழையபடி சாரம் ஏறிடலாம்னு நினைச்சுக்கிட்டு இருந்தா, இப்பவே மெதுவாப் பேசிடுங்க. ஆறு மாசத்துக்கு அப்புறம் இடுப்பு உயரத்துல இருந்து நெஞ்சு உயரம் வரைக்கும் உள்ள வேலை, கதவு, ஜன்னல் பாலிஷ், கிரில், கலர் மிக்ஸிங், ஆளுங்களை வச்சு மேற்பார்வை இதையெல்லாம் டாக்டர் ஓகே சொன்னா ஆரம்பிக்கலாம். ஏணியில ஏறினா விழாம இருக்க அனிச்சையா வலது கையாலதான் பிடிப்பார், அதனால உயரத்து வேலை மட்டும் வேற ஆளுக்குக் குடுத்துடச் சொல்லுங்க. காண்ட்ராக்ட் அவர் பேர்லயே இருக்கறதால இதுக்கு வழி இருக்கு, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல அவர் பதிவு பண்ணியிருக்காரா, கார்டு புதுப்பிச்சிருக்காரான்னும் பாத்து வைங்க, சாரத்துல நடந்த விபத்துங்கறதால உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியுமான்னு அங்க கேக்கலாம், அதுக்கும் இந்த டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் நோட்ஸ் காப்பி தேவைப்படும்.